முறம் பிடித்த பெண் ஏலத்துக்கு வந்தபோது

ஏலம் கூவுகிறவளுக்குத் தொண்டைதான் மூலதனம். ஊரெல்லாம் ஓய்வெடுக்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் அதற்கு வேலை.

ஜவுளிக்கடையில் அறுபது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு "அப்புறமா வரோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டவர்கள், "அந்தச் செவப்பு மாத்திர" என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு மருந்துக்கடை முழுக்கத் தேடியவர்கள், செல்லானைத் தப்பாக எழுதிவிட்டு நம்மையே முறைக்கிறவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்த வங்கிக்காரர்கள், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொன்னால் புரியும்.

புதுச்சேரி உப்பளத்தில் ஒரு பழைய கிடங்குதான் எங்கள் ஏலக்கடை. பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள், பெரிய வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்கு மாறுகிறவர்கள், இவர்களுடைய பீரோ, கட்டில், நிலைக்கண்ணாடி எல்லாம் எங்களிடம் வரும். நான் சீட்டு எழுதச் சேர்ந்தவள். கூவுகிறவர் ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டு வந்து ஜாடை காட்டினார், முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார், நான் அகப்பட்டேன். இதெல்லாம் நடந்தது சுனாமிக்கு அடுத்த வருஷம்.

அஞ்சலையக்காவின் தாடை

ஏலத்துக்கு வருகிறவர்கள் யாரும் "எனக்கு வேணும்" என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒருவர் பேனாவைத் தூக்குவார். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். இன்னொருவர் காதைச் சொறிவார். அவருக்கு நிஜமாகவே காது அரித்தால் நம் பாடு திண்டாட்டம். முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் பழைய பாத்திரக்கடை வைத்திருந்த அஞ்சலையக்காவுக்குத் தாடை. கடைசி வரிசையில் இடுப்பில் கைவைத்து நிற்பார். தாடை ஒரு நெல் அளவு மேலே போகும். நான் அதைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காவிட்டால் ஏலம் முடிந்ததும் மேடைக்கே வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ஒரு தடவை ஒரு மூட்டை அலுமினியப் பாத்திரம். தாடை ஏறியதை நான் கவனிக்கவில்லை. மூட்டை வேறொருவருக்குப் போய்விட்டது. "அக்கா, ஒரு குரல் குடுத்திருக்கலாமே" என்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நான் வாயத் தொறந்தா எனக்கு வேணும்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிடும் செல்வி, அப்புறம் வெலை ஏறிடும்."

துடைத்த கண்ணாடி

அந்த வருஷம் பிரான்சிலிருந்து முசே ரொபேர் வந்தார்; முசே என்றால் ஐயா. எழுபது வயது, இஸ்திரி கலையாத சட்டை, புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்தான், ஆனால் ஐந்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று எத்தனை தடவை சொன்னாலும் என்னைக் கல்யாணமாகாத பெண்ணைப்போல "மத்மொசேல்" என்றுதான் கூப்பிடுவார். நானும் ஒரு கட்டத்தில் திருத்துவதை விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவருடைய அத்தை மதாம் செலின் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டை விற்பதற்காகச் சாமான்களை எங்களிடம் ஒப்படைத்தார்.

சாமான் இறக்குவது, பாலிஷ் போடுவது, ஃபிரேம் போடுவது எல்லாம் எங்கள் கலியபெருமாள் அண்ணன். கண்ணாடி என்றால் அவருக்கு உயிர். மதாமின் பீரோவுக்கு அடியில் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில் தாளில் சுற்றிய போட்டோக்கள். இன்னொன்றில் கையகலக் கண்ணாடிச் சில்லுகள், அடுக்கடுக்காக, ஒரு பக்கம் கறுப்பாகப் படிந்து. இவ்வளவு நல்ல கண்ணாடி இப்போது கிடைக்காது என்று சந்தோஷப்பட்ட அண்ணன், நாலைந்து சில்லுகளைச் சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, சின்ன சாமி படங்களுக்குப் போட்டுவிட்டார்.

நான் போனபோது அடுத்த சில்லைக் கையில் எடுத்திருந்தார். வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். உச்சியில் ஒரு நாற்காலி தொங்குகிற தென்னை மரம். கீழே ஒரு ஆள் குடைக்குள் மீனை நிரப்பிக்கொண்டு நிற்கிறார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்தது. அது போட்டோவின் நெகட்டிவ் என்று எனக்குப் புரிந்தது. "அண்ணே, என்ன பண்ணிட்டீங்க" என்று கத்தினேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை.

"ஒரே அழுக்கா இருந்துச்சிம்மா, தொடச்சிட்டேன்."

கலரில் கிடைக்குமா

மிச்சமிருந்த சில்லுகளை நானே பழம்புடவையில் சுற்றிப் பூட்டி வைத்தேன். போட்டோக்களுக்கு என்ன மதிப்பு என்று கேட்டு முசே ரொபேர் சிலவற்றைப் பாரிசுக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் அங்கிருந்து ஒரு நிபுணர் அம்மா வந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு, கையில் வெள்ளை உறை. ஒவ்வொரு படத்தையும் எடுத்து, பார்த்து, வைத்து, மறுபடி எடுத்தார். மதியம் சாப்பாடு வாங்கி வைத்தோம்; தொடவேயில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ சொன்னார். முசே ரொபேர் எங்களுக்காகத் தமிழில் சொன்னார். கனவில் வருவதுபோல் படம் எடுக்கிறவர்களுக்கு அங்கே ஒரு பேர் இருக்கிறதாம், சர்ரியலிஸ்ட். அப்படி ஒரு பெண், அந்தக் காலத்தில், இந்த ஊரில் இருந்திருக்கிறார் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறதாம்.

சொல்லி முடித்ததும் முசே ரொபேர் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வீட்டில் அத்தையை எல்லாரும் பைத்தியம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கான்வென்ட்டில் ஓவியம் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலமானால் ஒரு பெட்டிக் கேமராவோடு கடற்கரைக்குப் போய் நாற்காலியையும் மீனையும் படம் எடுத்தால் வேறென்ன சொல்வார்கள்? கல்யாணம், சாவுக்கெல்லாம் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். எனக்கும் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு பாரிசில் கேட்லாக் அச்சடித்தார்கள், ஏலத் தேதி வைத்தார்கள், வெளிநாட்டிலிருந்து போனிலேயே ஏலம் கேட்க ஏற்பாடானது. முப்பது வருஷமாகப் பீரோ விற்ற கடைக்கு எவ்வளவு பெரிய மரியாதை! முதலாளி புதுச் சட்டை தைத்தார். உள்ளூரில் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றி நடத்துகிற ஒருவரும் வந்து பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லாபியில மாட்டணும் மேடம், இதே படங்க கலர்ல கெடைக்குமா?"

பாதி விரல்

ஏலத்துக்கு முந்தைய இரண்டு நாள் பொதுமக்கள் பார்வைக்கு. பாத்திர மூட்டை ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்க அஞ்சலையக்கா வந்தார். "இந்த வாரம் போட்டோதான்க்கா, சும்மா பாத்துட்டுப் போங்க" என்றேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

வந்திருந்ததிலேயே எல்லாரும் பேசிய படம் ஒன்று இருந்தது. கடல். பழைய பாலத்துத் தூண்கள் பின்னால் தெரியும். முழங்கால் தண்ணீரில் ஒரு நாற்காலி. அதில் புடவை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்து, ஒரு முறத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பாள். முறத்தின் நடுவில் ஒரே ஒரு பெரிய கண், வேறு போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியது. பார்த்த எனக்கு இரண்டு நாள் சரியாகச் சோறு இறங்கவில்லை. கேட்லாக்கில் அதற்கு "தலைப்பு இல்லை. முறத்துடன் பெண்" என்று போட்டிருந்தார்கள்.

அஞ்சலையக்கா அதற்கு முன்னால் நின்றவர் நகரவேயில்லை. பக்கத்தில் போனேன். கண்ணைப் பார்க்கவில்லை, முறத்தைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவிரல் பாதிதான் இருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை. நிபுணர் அம்மாவே கவனித்திருப்பாரா தெரியாது.

"எங்கம்மா" என்றார் அக்கா. "பூங்காவனம். மில்லுல வேல. அங்கதான் அந்த வெரலு போச்சி. ஞாயித்துக்கெழம ஆனா ஒரு மதாம் வூட்ல துணி தொவைக்கப் போவும். எனக்கு ஆறு வயசு, அது ஜுரத்துல படுத்துச்சி, அப்புறம் எழுந்திரிக்கவேயில்ல. 'மதாம் என்ன நாற்காலியோட கடல்ல குந்த வச்சிச்சி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சி. ஜுரத்துல ஒளறுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன், இன்னி வரைக்கும்." தன் இடது நடுவிரலைத் தடவிக்கொண்டார். "அந்த வெரலப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவேன். வெரலு ஞாபகம் இருக்குது. மொகம் ஞாபகம் இல்ல. வூட்ல ஒரு போட்டோ கெடையாது. முறத்த எடுத்துட்டு மொகம் தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்திருக்குமா அந்த மதாம்? அந்தப் பெட்டியில பாத்தியா?"

பெட்டி முழுக்கப் பார்த்திருந்தேன். இல்லை. இருக்கிறதில் இல்லை. பக்கத்தில் ஏணியோடு நின்ற கலியபெருமாள் அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஏணியைச் சுவரில் சாய்த்தார். அக்காவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

"நான் தொடச்சதுல இருந்திருக்குமோ?"

முசே ரொபேரின் பதில்

சில்லில் என்ன இருந்தது என்று பார்க்காமலே அண்ணன் துடைத்திருக்கிறார். ஒரு தாயின் முகம் வெந்நீரில் கரைந்து எங்கள் கிடங்குச் சாக்கடையில் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அதை நான்தான் அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் விட மனசு வரவில்லை. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் படம் எனக்கு வேணாம்" என்றார். "கேக்குற வெலை என் கடையப் போல பத்து கடை. என் வூடு மழ பெஞ்சா ஒழுவும். எங்கனா நல்ல எடத்துல இருக்கட்டும். பேரு மட்டும் எழுதச் சொல்லு. எந்த ஊருக்குப் போனாலும் அது யாருன்னு தெரியட்டும்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் என்ன கூவுகிறோமோ அதுதான் சரக்கு. தேக்கு என்று கூவினால் தேக்கு. கூவியதை அப்படியே சீட்டில் எழுதுவார்கள், விற்கிறவர் கையெழுத்துப் போடுவார், அந்தச் சீட்டு பொருளோடு போகும். கடல் தாண்டினாலும் பொருளுக்கு அதுதான் அடையாளம். அதனாலேயே எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூவக் கூடாது. மாற்றிக் கூவினால் வாங்குகிறவர் வேண்டாம் என்று போகலாம், விற்கிறவர் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கூவினவள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் இருந்தவர் வேறு மரத்து மேசையைத் தேக்கு என்று கூவிவிட்டுக் கிட்டத்தட்டப் போயிருப்பார்.

ஆகவே முறைப்படி முசே ரொபேரிடம் போனேன். முதலாளியும் கூட நின்றார். முசே ரொபேர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். "மத்மொசேல், எங்க தாந்த்தை ஆயுசு பூரா பைத்தியம்னாங்க" என்றார். அத்தையை அவர் தாந்த் என்றுதான் சொல்வார். "இப்பத்தான் ஒருத்தங்க வந்து ஆர்ட்டிஸ்ட்னு சொல்றாங்க. இது கனவுப் படம்னு அந்த எக்ஸ்பெர் எழுதியிருக்காங்க. அதுல துணி தொவைக்க வந்தவங்க பேரப் போட்டா, வேலைக்காரிய எடுத்த சாதாரணப் போட்டோ ஆயிடும். தாந்த் மறுபடியும் பைத்தியம் ஆயிடுவாங்க." அவர் பயமும் நியாயமான பயம்தான். மதாமுக்காகப் பேச அவரைவிட்டால் யாரும் இல்லை. பூங்காவனத்துக்காகப் பேச அஞ்சலையக்காவைவிட்டால் யாரும் இல்லை. நடுவில் நான் நின்றேன். முசே ரொபேர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"மொகமே தெரியாத படத்துக்குப் பேரு எதுக்கு மத்மொசேல்?"

மூன்று தரம்

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு நிரம்பி வழிந்தது. வெள்ளைக்காரர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்த உப்பளத்துக்காரர்கள் பாதி. நிபுணர் அம்மா மேடைக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பாரிசில் இருக்கிற யாருக்காகவோ ஏலம் கேட்டார். நாற்காலி தொங்கிய தென்னைமரம் போனது. அதற்கடுத்ததும் போனது. ஓட்டல்காரர் கறுப்பு வெள்ளையிலேயே இரண்டு வாங்கிவிட்டார். பிறகு கலியபெருமாள் அண்ணன் முறப்படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வழக்கமாகச் சாய்த்துப் பிடிக்கிறவர், அன்றைக்கு மார்போடு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் கையில் இருந்த தாளில் ஒரே வரி. "தலைப்பு இல்லை. முறத்துடன் பெண்." அதைப் படித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கடைசி வரிசையில் அஞ்சலையக்கா நின்றார், கஞ்சி போட்ட புடவை, தலையில் பூ, ஏதோ சொந்தக்காரர் விசேஷத்துக்கு வந்ததுபோல். நான் தைரியசாலி எல்லாம் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் செலவு, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசையாக ஞாபகம் வந்தது. இருந்தும் வாய் தானாகத் திறந்துவிட்டது. "படத்தில் இருப்பவர் பூங்காவனம். முத்தியால்பேட்டை. பஞ்சாலைத் தொழிலாளி" என்று கூவினேன்.

சீட்டு எழுதுகிற பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எழுது" என்றேன். முதலாளி நெற்றியில் கைவைத்தார். முன்வரிசையில் முசே ரொபேர் எழுந்து நின்றுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நிபுணர் அம்மா கையைத் தூக்கினார். போனில் இருப்பவர், இப்போது சொன்ன பேரை மறுபடி சொல்லச் சொல்கிறாராம். நான் சொன்னேன். அவர் அதைப் போனில் மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். பிறகு தலையை ஆட்டி ஏலத்தை ஆரம்பித்து வைத்தார். முசே ரொபேர் நின்றபடியே இருந்தார், உட்காரவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ஓட்டல்காரர் ஏற்றினார், போன் ஏற்றியது, ஓட்டல்காரர் நின்றார். முடிக்கும்போது சரக்கின் பேரைச் சொல்லித்தான் தரம் கூவ வேண்டும்; பீரோ ஒரு தரம், பீரோ ரெண்டு தரம் என்று. "பூங்காவனம், ஒரு தரம்" என்றேன். ஒரு மனுஷியை விற்கிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. "பூங்காவனம், ரெண்டு தரம்." "பூங்காவனம், மூணு தரம்." சுத்தியைத் தட்டினேன். பேர் சேர்ந்ததால் விலை குறைந்ததா கூடியதா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் கடையில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சீட்டு முசே ரொபேரிடம் போனது. அவர் ஒரு கோடு போட்டு அந்தப் பேரை அடித்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வெகு நேரம் படித்தார். "அங்க பேரக் கேட்டாங்களே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்துபோய் அஞ்சலையக்கா முன்னால் நின்றார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா தன் இடது கையை விரித்து நடுவிரலைக் காட்டி ஏதோ சொல்ல, அந்தப் பெரியவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா மேடைக்கு வந்தார். வழக்கம்போல் என்னை உண்டு இல்லை என்று ஆக்க வருகிறார் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மில்லுல அதுக்கு நம்பருதான் செல்வி, தொவைக்கப் போன வூட்ல 'ஏய்'தான், எங்கப்பன் கூடப் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல, ஊரு கேக்க மூணு வாட்டி அதப் பேர் சொல்லிக் கூப்ட்டது நீதாம்மா."

அதற்குப் பிறகு ஒரு மாதம் முதலாளி என்னைப் பீரோவும் கட்டிலும் மட்டும்தான் கூவ விட்டார். அவற்றுக்கும் நான் எங்கேயாவது ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.